கருவாடு வறுக்கிறவர்களுக்கு மட்டும்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அம்மாவும் வீட்டுத் தரகரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“கருவாடு வறுக்கறவங்களுக்குத்தான் என் மாடி வூடு,” என்றார் அந்த அம்மா.

“இன்னாக்கா, புது வூடு, செவுரெல்லாம் நாறிப்பூடும். அவனவன் சைவம்தான் வேணும்னு கேக்கறான்.”

“அதனாலதான் சொல்றேன். வாடகைக்கு இருந்தப்ப, கருவாடு வறுத்தேன்னு ரெண்டு வூட்ல என்னைக் காலி பண்ண வெச்சாங்க.”

“கல்பாக்கத்துல வேலை பாக்கறவரு ஒருத்தரு ரெடியா கீறாரு. தங்கமான குடும்பம். ஆனா சுத்த சைவம்.”

அந்த அம்மா தரகர் பக்கம் திரும்பினார்.

“சரி, வரச் சொல்லு. கீழ நான் வறுப்பேன். புடிக்கலன்னா ஜன்னலைச் சாத்திக்கட்டும். இந்தவாட்டி நான் காலி பண்ண மாட்டேன்.”