அந்த இடத்துப் பேரு வேண்டாம்

இல்ல தம்பி, பெட்டியைக் கீழ வைக்காதீங்க. கையிலயே இருக்கட்டும். மாடி ரூம் பூட்டிக் கிடக்கு. சாவி இருக்கு, தர மாட்டேன்.

காப்பியும் கிடையாது. தண்ணியா? திண்டுக்கல்லுக்கு வந்து தண்ணி கேக்குற ஆளு நீங்க ஒருத்தர்தான். குழாய்ல நூல் மாதிரி ஒழுகுது, அதையும் எனக்கு முன்னாடி பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி பிடிச்சுட்டுப் போயிருவா. ஸ்டேஷன்ல மண்பானை வச்சிருக்கான், அங்க குடிச்சுக்குங்க. மெட்ராஸ் வண்டி பிடிக்கணும்ல, இப்பவே நடந்தாத்தான் சரியா இருக்கும்.

முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா ஆச்சா? தெரியுது, தெரியுது. போன வருஷம் ரெண்டு மாசம் இதே வீட்டுல தங்கி, இட்டிலி வேணாம்க்கா பழைய சோறு இருந்தாப் போடுங்கன்னு உரிமையாக் கேட்டு வாங்கித் தின்ன ஆளை வாசப்படியில நிறுத்தி வச்சுப் பேசுறாளே, இவளுக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருச்சான்னுதானே பாக்குறீங்க. பாத்துக்குங்க.

பொறுங்க. அதை மட்டும் சொல்லாதீங்க. புது இடம் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கேன்க்கான்னு வந்ததும் வராததுமா ஆரம்பிச்சீங்கல்ல, அதை அங்கனயே முழுங்கிருங்க. எந்த ஊரு, எந்தக் கரடு, எந்தப் பக்கத்துப் பாறை, ஒண்ணும் என் காதுல விழக்கூடாது.

கோவமா? கோவம்தான். என்னைச் சொல்லணும். உங்க காலேஜு ஃபாதர் குடுத்த கடுதாசியோட வந்து நின்னீங்க. பேரு நாச்சிமுத்து, தேவாங்கைப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்திருக்கேன், தங்குறதுக்கு எடம் வேணும்னு. தேவாங்கைப் பாக்க மெட்ராஸுல இருந்தா வரணும், எங்க தெருவுலயே நாலு பேரு அப்படித்தான் முழிச்சுக்கிட்டுத் திரியுறானுகன்னு சொல்லிச் சிரிச்சேன். அன்னைக்கே கதவைச் சாத்தியிருக்கணும். என் நாத்தனார் அப்பவே சொன்னா. காலையில எந்திரிச்சதும் தேவாங்கைப் பாத்தா அன்னைக்குப் பூரா விளங்காது, அதைத் தேடுறவனை வீட்டுல வச்சா வீடே விளங்காதுன்னா. போடி பட்டிக்காடுன்னேன் அவளை. நான்தான் கான்வென்டுல படிச்சவளாச்சே.

என்னத்தைப் படிச்சேன். நேச்சர் ஸ்டடின்னு ஒரு பீரியடு. பிரிம்ரோஸ்னு ஒரு பூவு, அதுக்குப் படம் வரைஞ்சு பாகம் குறிக்கணும். இதழ் கோணிப் போச்சுன்னு மதர் முட்டியிலயே ஸ்கேலால அடிச்சாங்க. அந்தப் பூவை அவங்களும் இந்த ஊருக்கு வந்த பிறகு கண்டிருக்க மாட்டாங்க, நான் இன்னைக்கு வரைக்கும் கண்டதில்ல. வேடசந்தூர் ரோட்டோரம் வேலியில பூத்துக் கிடக்குறதுக்கு என்ன பேருன்னு ஒருத்தி சொல்லலை. நீங்க வந்துதான் எனக்குச் சொன்னீங்க. கிளுவை வேலிக்குள்ள இம்புட்டு நடக்குதான்னு நான் வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டேன்.

அந்தச் சிவப்பு டார்ச்சை மறந்துட்டீங்களா? சீனாக்காரன் சண்டை நடக்குது, ஊரெல்லாம் ரேடியோவைச் சுத்தி உக்காந்திருக்கு. அந்த நேரம் பாத்து டார்ச் லைட்டுல சிவப்புக் கண்ணாடித் தாளை ஒட்டிக்கிட்டு முள்ளுக்காட்டுக்குள்ள திரிஞ்சா விடுவானா? வெள்ளை வெளிச்சம்னா தேவாங்குக்குக் கண்ணு கூசும், சிவப்புன்னா அதுக்குத் தெரியாதுன்னு குஜிலியம்பாறைக்காரன்கிட்ட நீங்க பாடம் எடுத்தீங்களாம். சிவப்பு யாரோட கொடின்னு அவனுக்குத் தெரியாதா? வேப்பமரத்துல கட்டி வச்சுட்டான். எங்க வீட்டுக்காரரு மண்டியைப் போட்டது போட்டபடி விட்டுட்டு, வெங்காயம் ஏத்துற லாரியை எடுத்துக்கிட்டு ஓடி வந்தாக. நானும் ஏறிக்கிட்டேன். அங்க வந்திருந்த போலீஸ் ஏட்டுகிட்ட இங்கிலீஷுல நாலு வார்த்தை கேட்டேன். அவருக்கு ஒரு எழுத்தும் புரியலை. இங்கிலீஷுல வையிற பொம்பளை பொய் சொல்ல மாட்டான்னு நினைச்சாரோ என்னமோ, அவுத்து விட்டுட்டாரு. அம்புட்டும் யாருக்காக? நான் உங்களுக்காகச் செஞ்சேன். வேற யாரு எதுக்காகச் செஞ்சாகன்னு எனக்குத் தெரியாது.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதுக்கு நான் சொல்லலை.

பூசாரிக்கரட்டுக்கு, அந்த முள்ளுக் குன்னுக்கு, என்னையும் ஒருநாள் கூட்டிட்டுப் போனீங்க. பொழுது சாயுற நேரம். ஆடு மேய்க்கிற ராமுத்தாய் முன்னாடி போறா, நான் சேலையை முள்ளுல கிழிச்சுக்கிட்டு, இந்த வயசுல இது தேவையான்னு உங்களையும் என்னையும் சேத்துத் திட்டிக்கிட்டுப் பின்னாடி வாரேன். அங்க பாருங்கக்கான்னீங்க. ஒரு தாயி. வயித்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு குட்டி, ரெட்டைப் பிள்ளை. ஒண்ணொண்ணா எடுத்துக் கிளையில ஒட்ட வச்சுட்டு, அசையாம இருங்கன்னு சொன்ன மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு இரை தேடப் போயிருச்சு. குட்டிக ரெண்டும் அப்படியே இருக்கு. ஓடலை, கத்தலை. அம்மா வருவாங்கிற தைரியம். விடியுறதுக்குள்ள திரும்பி வந்து எடுத்துக்கிரும்க்கான்னு சொன்னீங்க. நான் வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் எனக்கு அதே நினைப்பு, வந்திருக்குமா, எடுத்திருக்குமான்னு.

கடிக்கிற எறும்பையும் நாத்தப் பூச்சியையும் தின்னுட்டு, அந்த எரிச்சலுக்குத்தான் கையில மூத்திரத்தை விட்டுத் தேச்சுக்குதோ என்னமோன்னு சோத்துல கையை வச்சுக்கிட்டே சொன்னீங்க. அருவருப்பாத்தான் இருந்துச்சு. ஆனாலும் அடுத்த நாளு நான் போயி நாத்தனார்கிட்ட அதையே பெருமையாச் சொன்னேன். தேவாங்குன்னு ஒருத்தரைத் திட்டுறதைக்கூட விட்டுட்டேன் தம்பி.

இப்பப் போயிப் பாருங்க அந்தக் கரட்டுல. ஒண்ணுகூட இல்ல.

என்ன, தேடலையா? ராமுத்தாய் தேடலையா? அவ ஆடு மேய்க்கிறதே அங்கதான். இங்க வந்து நின்னு அழுதா. வேலியை அடியோட வெட்டிச் சாய்ச்சிருக்கானுக. பகல்ல வந்திருக்கானுக. பகல்லதான் அதுக எல்லாம் ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சுப் பந்து மாதிரி சுருண்டு தூங்குமே, கத்திரிக்காய் பறிக்கிற மாதிரி பறிச்சுச் சாக்குல போட்டுட்டுப் போயிட்டானுக. தப்பினது ஏதாவது இருந்தா, அன்னைக்குப் பாத்த மாதிரி ஒரு குட்டியாத்தான் இருக்கும், தாயைக் காணாம கிளையில ஒட்டிக்கிட்டே இருந்திருக்கும். பசியில விழுந்திருக்கும்.

யாரா? நீங்கதான். வேற யாரு? பத்திரிகையில எழுதுனீங்கல்ல, வழவழன்னு தாளு, படம் வரைஞ்சு அம்புக்குறி போட்டு. எனக்கு ஒரு பிரதி அனுப்புனீங்க, வரிக்கு வரி படிச்சேன். திண்டுக்கல்லுக்கு வடக்க, குஜிலியம்பாறை ரோட்டுல இறங்கி இந்தப் பக்கம் திரும்பினா பூசாரிக்கரடு, அங்க தேவாங்கு ஏராளம். ஏராளம்னு எந்தக் கடைக்காரனாவது போர்டு வைப்பானா? கடைசியில நன்றி வேற. வெங்காய வியாபாரி இன்னாருக்கும் அவரது வீட்டாருக்கும். வீட்டாருன்னா யாரு? ரெண்டு மாசம் சோறும் வெஞ்சனமும் ஆக்கிப் போட்டது வீட்டாரு. உங்க கால்ல முள்ளு எடுத்தது வீட்டாரு. போகட்டும், அதுக்காக நான் சண்டை போடலை.

போலீஸா? போயிச் சொன்னா, தேவாங்கு காணாமப் போச்சா, விசேஷம்தான், ஊரைப் பிடிச்ச பீடை விட்டுச்சுன்னு சர்க்கரை குடுப்பான்.

என்ன கேட்டீங்க?

வேலியை வெட்டுனவன் அந்தப் பத்திரிகையைப் படிச்சிருப்பானான்னா?

நல்லாத்தான் கேக்குறீங்க. ஆராய்ச்சி பண்ற புத்தி. கோயில்ல மத்தியான மணி அடிச்சிருச்சா? இன்னும் இல்லையே. செத்த நேரம் இருக்கு. உள்ள வாங்க. உக்கார வேண்டாம், தெருவுல நிக்காதீங்கன்னுதான் சொல்றேன். குரலைத் தாழ்த்திப் பேசுங்க.

பத்திரிகையைச் சொல்லி இம்புட்டு நேரம் உங்களை வைதேன் பாருங்க, அது பொய். உங்க பத்திரிகை வந்தது சித்திரையில. கரடு காலியானது தை மாசமே. உங்களை விரட்டுறதுக்கு எனக்கு ஏதாவது ஒரு சண்டை வேணும், அதுதான் கைக்குக் கிடைச்சது. கோவிச்சுக்கிட்டுப் போயிருவீங்கன்னு பாத்தா, கல்லு மாதிரி நிக்கிறீங்க.

நீங்க எழுதி யாரும் தெரிஞ்சுக்கலை தம்பி. நீங்க சொல்லித்தான். என் சாப்பாட்டு மேசையில உக்காந்து சொன்னீங்க. எங்க வீட்டுக்காரரு என்ன கேப்பாக, ஞாபகம் இருக்கா? பகல்ல எங்க தம்பி படுக்கும்? ஒண்ணாவா, தனித்தனியாவா? கடிக்குமா? என்ன போட்டாத் திங்கும்? கூடையில வச்சா எத்தனை நாளு தாங்கும்? கையில சோறு காயுறதுகூடத் தெரியாம அம்புட்டுக்கும் பதில் சொன்னீங்க. வாத்தியார் ஆகப் போறவரு, கேள்வி கேட்டா உங்களுக்குச் சந்தோஷம்.

உங்களை விட எனக்குத்தான் சந்தோஷம். அதைத்தான் என்னால தாங்க முடியலை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல, வெங்காயம் என்ன விலைங்கிறதைத் தவிர இவுக வாயைத் திறந்து ஒரு விஷயத்தைக் கேட்டு நான் பாத்ததில்ல. ஆண்டவரே, இந்த மனுஷனுக்குள்ள இப்படி ஒருத்தர் இருந்தாரான்னு, கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு, ரெண்டு பேருக்கும் நெய்யைக் கூட ஊத்துனேன். பேச்சு நிக்கக் கூடாதுன்னு.

நீங்க ஊருக்குப் போயி ஒரு மாசம் ஆச்சு. வேட்டியைத் துவைக்கப் போடுறேன், அந்த வாடை. உங்க துணியில வருமே, சோடா உப்புப் போட்டு ஊற வச்சாலும் போகாத மூத்திர வாடை, அதே வாடை இவுக வேட்டியில. மண்டிக்குப் போனேன். வெங்காயக் கூடை வரிசையா, மேல சாக்கு வச்சுத் தச்சு, பார்சல் ஆபீஸுக்குப் போக ரெடியா இருக்கு. வெங்காயம் அசையுமா தம்பி?

கேட்டேன். மறைக்கலை. யாருக்கும் சொந்தமில்லாத சரக்குத்தானடின்னாக. மெட்ராஸுல ஒரு ஏஜெண்டு வாங்கிக் கப்பல்ல சீமைக்கு அனுப்புறானாம். அங்கயும் அதை ஆராய்ச்சிக்குத்தான் வாங்குறானாம், கண்ணைப் பத்தியோ மூளையைப் பத்தியோ. உன் தம்பி பண்ணுனா ஆராய்ச்சி, நான் அனுப்புனா பாவமான்னு கேட்டாக. அதுக்குப் பதில் உங்ககிட்ட இருந்தா ஊருக்குப் போயி எழுதி அனுப்புங்க.

கெட்டவுக இல்ல. கோயில் தேருக்கு முதல் ஆளா வடம் பிடிக்கிறவுக. எதைப் பாத்தாலும் எத்தனை கூடைன்னுதான் கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

உங்க கார்டு வந்ததுல இருந்து வாசலைப் பாத்துக்கிட்டு இருக்காக. தம்பி வாராரு, புது இடம் கண்டுபிடிச்சிருக்காராம்னு காலையிலயே அவுக கையால கறி எடுத்துக் குடுத்துட்டுப் போயிருக்காக. எலும்பு தம்பிக்குப் பிடிக்கும்னு சொல்லி வாங்கினது. குழம்பு கொதிக்குது உள்ள. சாப்பிட வந்துருவாக. உங்களை எதிர்ல உக்கார வச்சு, மெதுவா, மரியாதையா, ஒண்ணொண்ணாக் கேப்பாக. நீங்க சொல்லிருவீங்க. உங்களால சொல்லாம இருக்க முடியாது, எனக்குத் தெரியும்.

இல்ல, இல்ல. என்கிட்ட மட்டும் சொல்றேன்க்கான்னு என்ன பழக்கம் இது? என்கிட்டதான் சொல்லவே கூடாது. நீங்க ரயிலேறிப் போயிருவீங்க. நான் இவுகளோடதான் உக்காந்து சாப்பிடணும். நீ என்ன நினைக்கிற, எந்தப் பக்கமா இருக்கும்னு, அன்னைக்கு உங்ககிட்டக் கேட்ட மாதிரி என் முகத்தைப் பாத்து ஒருநாளு கேட்டாகன்னு வைங்க. இத்தனை வருஷம் கழிச்சு என்னைக் கேக்குறாக.

நான் சொல்லிருவேன் தம்பி.

பின்வாசல் இந்தப் பக்கம். சந்துல இறங்கி பேகம்பூர் வழியாப் போயிருங்க, மண்டித் தெரு வேண்டாம்.