வெறுங்கோப்பை

— இன்னுமா குடிக்கிற, ஹம்மாதி?

— சூடா இருக்கு, ஸுஹைரா.

— தொழுகை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரமாச்சு. இப்ப அதுல ஈ விழுந்தாக்கூட குளிர்ல விறைச்சிடும்.

— பெருநாள் காபி... ரசிச்சுக் குடிக்க வேணாமா?

— ரசி, ரசி. திருப்பித் தரும்போது வெறுங்கோப்பையா தர மாட்டியே? தெருவுல எல்லாப் புருஷனும் குடுத்தாச்சு. ஒரு மாசம் நோன்பு வாயோட சமைச்சு, நாக்கு நுனியில உப்புப் பாத்த பொண்டாட்டிக்கு, காபி குடிச்ச கோப்பைக்குள்ள ஒரு நகை போட்டுத் தரணும், அதானே ஊர் வழக்கம். அதுலயும் என் புருஷன் நகை செய்யறவன்!

— அதைச் சொல்லிச் சொல்லியே கொல்லு.

— மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? ஹம்மாதி... ஒண்ணும் செய்யலையா?

— செஞ்சேன்டி! செஞ்சேன்...

— எங்க?

— முழுசாக் கேட்டுட்டுத் திட்டு. நாலு வருஷமா எனக்குப் புதுசா ஒண்ணும் தோணலைன்னு உனக்கே தெரியும்.

— தெரியாம என்ன? போன வருஷம் என் கோப்பையில புறான்னு ஒரு வெள்ளிப் பதக்கம் போட்ட. வந்தவங்கல்லாம் கோழி நல்லாருக்குன்னாங்க.

— கோழின்னாக்கூடப் பரவாயில்ல. ஒருத்தன் ஒட்டகமான்னு கேட்டான்.

— சரி, விஷயத்துக்கு வா. பிள்ளைங்க பெரியப்பா வீட்டுலேருந்து வந்துடப் போறாங்க.

— நோன்பு ரெண்டாம் நாள்... உன் சோர்பா சூப்பை ஒரு வாய் வச்சேன். உப்பு, அடடா! கூடவும் இல்ல, குறையவும் இல்ல. பதினெட்டு வருஷத்துல நீ அப்படி ஒண்ணு வச்சதே இல்ல.

— ...ஓஹோ.

— கோவிச்சுக்காத. அந்த வாயிலயே மோதிரம் கண்ணுக்குள்ள வந்துடுச்சு. உப்புக்கல்லு மாதிரி பொடிப்பொடியா வெள்ளி மணி, சுத்தி வர. இருபத்தஞ்சு நாள் உக்காந்தேன். இது என் கைதானான்னு எனக்கே சந்தேகம்.

— அப்புறம்?

— வித்துட்டேன்.

— என்னது!

— நேத்து கடை சாத்தற நேரம் மாடிவீட்டு லுத்ஃபி ஓடி வந்தான். பொண்டாட்டிக்கு நகை வாங்க மறந்துட்டானாம். கடையில வேற ஒண்ணும் மிச்சமில்ல. "மோனியா மூஞ்சில எப்படி முழிப்பேன்"னு மூக்கைச் சிந்தறான். என் வாய் சும்மா இருந்துதா? "எடுத்துக்கடா"ன்னுடுச்சு. ஊருக்கெல்லாம் நகை செஞ்சுட்டு சொந்தப் பொண்டாட்டிக்கு வெறுங்கோப்பை நீட்டற மடையன் இந்த ஸஃபாக்ஸ் ஊர்லயே நான் ஒருத்தன்தான்... ஏன்டி சிரிக்கற? நீ அழுவியேன்னு பயந்துதான் ஒரு மணி நேரமா இதை நக்கிக்கிட்டு இருக்கேன்!

— மோனியாவுக்கா போச்சு?

— ஆமா...

— அப்ப சரியான கைக்குத்தான் போயிருக்கு. அந்த சோர்பா அவ வச்சது.

— எந்த சோர்பா?

— மாசம் பூரா. ரெண்டாம் நாள்லேருந்து. பின்பக்கப் படி வழியா பானை இறங்கி வரும். நான் கொத்தமல்லி தூவி உன் முன்னாடி வைப்பேன்.

— அடிப்பாவி! கை வலிக்குது, கை வலிக்குதுன்னு தினம் சொன்னியே!

— கை வலிச்சது நெசம்.

— அந்த காஸ் சிலிண்டர்? பத்து நாள்ல ஒண்ணு தீந்துதே! என் பொண்டாட்டி எனக்காக அடுப்புல கெடந்து வேகறான்னு கடைத்தெரு பூரா பெருமையடிச்சேனே...

— அடுப்புலதான் வெந்தேன். அந்த அடுப்பு மொட்டைமாடியில இருக்கு.

— மொட்டைமாடியிலயா? அங்க வெள்ளி உருக்கற என் பழைய காஸ் உலைதானே கெடக்கு... ஸுஹைரா, அப்படி என்னதான் செஞ்ச?

— காபியைக் குடி.

— பதில் சொல்லுடி!

— குடின்னா குடி. நாலு வருஷமா நீ தலையில கை வச்சு உக்காந்திருக்கறதைப் பாத்துப் பாத்து எனக்குத் தாங்கல.

— அதுக்கும் காபிக்கும் என்ன... ம்? அடியில என்னமோ தட்டுது.

— மெதுவா, முழுங்கிடாத! உன் புறாவை மாசம் பூரா உருக்கி உருக்கித்தான் செஞ்சேன். மோதிரம். கொஞ்சம் கோணலாத்தான் வந்திருக்கு... ஒட்டகமான்னு மட்டும் கேட்டுடாத.