நிலாவுக்குப் போன கதவு

செங்கல்பட்டிலிருந்து மகாபலிபுரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் ஒரு தகரக் குழாயை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அதை மேலே வைக்கச் சொன்னார்.

"மாட்டேம்பா. நிலாவுக்குப் போன கப்பலோட கதவு இதுல கீது."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். பக்கத்திலிருந்த மனைவி சிரிக்கவில்லை.

"கதவோட படம்னு சொல்லுங்க. மகாபலிபுரத்துல காத்திருக்கிற அந்த அமெரிக்காப் பொண்ணு கேட்டா குடுத்துடுவீங்கல்ல?"

"பாக்கத்தானே கேட்டுது? நான் எழுதிக் கேட்டேன், அந்தக் கதவ டிசைன் பண்ண அவங்கப்பாதான் அனுப்பினாரு. அவரு கையால போட்ட ஒரிஜினல். கல்பாக்கம் அணுமின் நிலையத்துல என்கூட மெஷின் படம் வரையிறவன் எவன்கிட்டயும் இப்படி ஒண்ணு கெடையாது."

"அவருதான் செத்துட்டாரே. அப்பா கைவேலையப் பாக்க அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்துகீது."

"ஜெராக்ஸ் போட்டுத் தரேன்."

"அவரு அழிச்சு அழிச்சுப் போட்ட தடம் ஜெராக்ஸ்ல வருமா?"

அவர் குழாயின் மூடியைத் திறந்தார், மூடினார். திருக்கழுக்குன்றம் தாண்டியும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

மகாபலிபுரத்தில் பஸ் நின்றதும் குழாயை மனைவியின் மடியில் வைத்தார்.

"நீயே குடுத்துடு. நான் கடலாண்ட நிக்கிறேன்."

"அதெல்லாம் முடியாது. அவங்கப்பாவப் பத்தி அதுகிட்ட யாரு பேசறது?"

அந்த அம்மாள் ஒரு கையில் குழாயும் மறு கையில் அவர் சட்டையுமாக இறங்கினார்.