சாட்சிக்கு வந்தவள்

— "எமில்டா, நீர் உதில கையெழுத்து வையும். கனடாவில போய் இறங்கினதும் இதைவிடப் பெரிய வீடு உம்மட பேரில எழுதித் தருவன்." மன்னாரில, வீட்டை வித்து உறுதி எழுதேக்க நொத்தாரிசின்ர மேசையில வைச்சு இவர் சொன்னது, கஜனி பிள்ளை.

— நீங்கள் என்ன சொன்னீங்கள், அன்ரி?

— "வீடு கிடக்கட்டும், முதல் நீங்கள் உயிரோட போய்ச் சேருங்கோ" எண்டன். அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. வித்த காசு முழுக்க இவரைக் கனடாவுக்கு அனுப்பின ஏஜென்சிக்காரனுக்குப் போச்சுது. இவர் இஞ்ச வீடு வாங்கேக்க நான் வந்து சேரேல்லை. அவற்ற பேரில எழுதினது அப்பிடியே கிடக்குது. ஏன் உதெல்லாம் கேக்கிறீர்? அவரை ஏன் வெளியில இருத்தினனீர்?

— உங்களோட தனியக் கதைக்கவேணும். லோயர் எண்ட முறையில அது என்ர வேலை. நீங்கள் இப்ப இருக்கிற மில்லிக்கன் வீட்டை அங்கிள் உங்கட மகள் றெபேக்காவுக்கு எழுதப்போறார். உங்களுக்கு ஓகேயோ?

— என்னட்டையோ கேக்கிறீர்? நான் சாட்சிக்கெல்லே வந்தனான்! ஊரில உறுதி எழுதேக்க ரெண்டு சாட்சி நிக்கவேணும். அதுதான் இந்தச் சினோ கொட்டுற குளிருக்குள்ளயும் நல்ல சீலையா உடுத்துக்கொண்டு வந்தனான்.

— ஸோ ஸ்வீட்! ஆனா நீங்கள் சாட்சி இல்லை, அன்ரி. பேர் அங்கிளின்ர மட்டும்தான், பட் நீங்கள் ரெண்டுபேரும் குடியிருக்கிற வீடு. ஒன்ராறியோ சட்டப்படி நீங்கள் ஓம் எண்டு கையெழுத்து வைக்காமல் அவர் அதைக் குடுக்கேலாது.

— மாதாவே! வடிவாச் சொல்லும். என்ர பேர் எங்கயும் இல்லையே?

— இல்லைத்தான்.

— நான் ஏலாது எண்டா?

— தட்ஸ் இட். கொம்பியூட்டரில வீட்டைப் பேர் மாத்திப் பதியிற இந்த பட்டனை நான் அமத்தமாட்டன். வீடு அப்பிடியே நிக்கும்.

— நாலு அறை, பேஸ்மென்ட், கராஜ்... அவ்வளவும் என்ர ஒரு சொல்லிலயோ நிக்குது? உந்த மோர்ட்கேஜுக்கு நான் பேக்கரியில ரெண்டு ஷிஃப்ட் அடிச்சனான் பிள்ளை. அது ஒருத்தருக்கும் தெரியாதெண்டு நினைச்சன். என்னைக் கண்டறியாத ஆரோ, சட்டத்தில எனக்கெண்டு ஒரு இடம் விட்டு எழுதி வைச்சிருக்கினம், என்ன?

— அன்ரி, அழுறீங்களோ?

— சீ, இல்லை. புதினமாக் கிடக்குது. ஒருக்கா எழும்பி நிக்கட்டோ? பூசையில நற்செய்தி வாசிக்கேக்க நிப்பம், அப்பிடிக் கிடக்குது.

— நில்லுங்கோ, நில்லுங்கோ. வீட்டைக் குடுத்திட்டு எங்க இருக்கப்போறீங்கள்?

— டோர்செட் பார்க்கில ஒரு அப்பார்ட்மென்ட் பாத்து வைச்சிருக்கிறார்.

— உங்களுக்கு விருப்பமோ?

— உதையும் இண்டைக்குத்தான் ஒராள் கேக்குது.

— கஜனி பிள்ளை! உள்ள வரலாமோ? கலியாண ஹோல்காரன் அங்க காத்துக்கொண்டிருக்கிறான், விளங்குதோ?

— வாங்கோ பஸ்ரியன் அங்கிள். அன்ரி இன்னும் முடிவு சொல்லேல்லை.

— அவ என்ன முடிவு சொல்லுறது? இஞ்சரும், சாட்சிக் கையெழுத்துத்தானே, டக்கெண்டு வையும். வாற மாசம் பெட்டைக்குக் கலியாணம். சீதன வீடில்லாமல் மகளை அனுப்பினவன் எண்டு பேரெடுக்க என்னால ஏலாது, விளங்குதோ?

— ஓம், விளங்குது. பொம்பிளைப்பிள்ளைக்கு அவளின்ர பேரில ஒரு வீடு இருக்கத்தான் வேணும்.

— பிறகென்ன? கதிரை கிடக்க ஏனப்பா எழும்பி நிக்கிறீர்?

— மன்னாரில, நொத்தாரிசின்ர மேசையில சொன்னது ஞாபகம் இருக்கோ?

— எமில்டா... அது எந்தக் காலத்துக் கதை...

— நான் ஒருநாளும் வாய் திறந்து கேக்கேல்லை. இப்ப கேக்கிறன். பெட்டையின்ர சீதனம் பிறகு. முதல் வித்த என்ர சீதன வீட்டுக்கு ஈடா மில்லிக்கன் வீட்டை எனக்கு எழுதித் தாங்கோ.