என் நம்பருக்கு வந்த நோட்டீஸ்

என் ஆபீசுக்கு வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். விடச் சொல்லி நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் ஷூவோடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை சார். கேட்டதற்கு ஒழுங்காகவே பதில் சொல்கிறேன்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிர் மாடியில் பல வருடமாக வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். போர்டில் ஆதிலட்சுமி என்று இருக்கும். ஊருக்கு நான் மேடம். அரிசி மண்டிக்காரர், பெயின்ட் கடைக்காரர், எல்லாம் ஒரே அச்சு. வியாபாரத்தில் காலணாவுக்கு மல்லுக்கு நிற்பார்கள். ஜிஎஸ்டி என்றால் மட்டும் திருதிருவென்று முழிப்பார்கள். சட்டமும் அவர்களுக்குச் சளைத்ததல்ல. சுட்ட செங்கல்லுக்கு ஒரு வரி, சிமெண்ட் கல்லுக்கு வேறு வரி. இன்று சொன்னதை நாளைக்கு மாற்றுவார்கள். எழுதியவனுக்கே புரியாத விதியைக் கல் விற்கிறவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். இரண்டு தரப்பின் மேலும் எனக்கு மரியாதை கிடையாது. நடுவில் உட்கார்ந்து பிழைத்தேன்.

சுகுமார் மானாம்பதி சாலையில் ஹாலோ பிளாக் கல் போடுகிறவர். ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வந்தபோது மொபைல் நம்பர் கேட்டேன்.

"உங்க நம்பரே குட்த்துடுங்க மேடம். மெசேஜ் வந்தா இன்னான்னு எனுக்குத் தெரியும்? ஒரே பேஜாரு."

எல்லோரும் இப்படித்தான். அரசாங்கம் அவர்களிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் என் செல்போனிடம் சொல்லும். நானாகப் பிடுங்கிக்கொள்ளவில்லை, அவர்களாகக் கொடுத்தது.

போன வருடம் அரிசி மண்டிக்காரர் பெருமாள் வீட்டு நிச்சயதார்த்தத்தில் சுகுமார் எனக்கு நாலு இலை தள்ளிப் பந்தியில் இருந்தார். நான் இருப்பதைப் பார்க்கவில்லை.

"செல்லுலயே நாலு தட்டு தட்டினா கணக்கு ஆச்சு. அந்தம்மா சும்மா பிலிம் காட்டிக்கினு கீது. அதுக்கு மாசாமாசம் தண்டம் அழுவுறோம்," என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பாயசம் வரைக்கும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது சொல்லும்போதும் இருக்கிறது.

அதே மாதம் அவர் பெயருக்கு என் செல்போனில் நோட்டீஸ் வந்தது. அவருக்கு சிமெண்ட் விற்ற டீலர் தன் கணக்கை ஏற்றவில்லை. அதனால் சுகுமார் அந்த டீலரிடம் கொடுத்த வரி கொடுக்காத வரி ஆகிவிட்டது. தப்பு ஒருவனுடையது, நோட்டீஸ் இன்னொருவனுக்கு. பில்லையும் பணம் போன விவரத்தையும் இணைத்து ஒரு பதில் எழுதினால் முடிந்திருக்கும். நான் எழுதவில்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. நினைவூட்டல் வந்தது. அபராதத்தோடு கட்டச் சொல்லி உத்தரவு வந்தது. நாலு தட்டு தட்டத் தெரிந்தவர் தட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். கெடு தாண்டியதும் அவர் வங்கிக் கணக்கை முடக்கினார்கள்.

வங்கிக்குப் போன இடத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் மனைவி பிரபாவுக்கு இதயத்தில் வால்வு ஆபரேஷன் செய்யச் சென்னை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குக் கட்ட வேண்டிய பணம் முழுக்க அந்தக் கணக்கில் இருந்தது. படியேறி ஓடி வந்தார்.

"உட்காந்துக்கினேதான் தூங்குது மேடம். படுத்தா மூச்சு வாங்குது. திருமுக்கூடல்ல மச்சான் தமிழ்வாணன் நெலத்தை அடமானம் வெச்சுக் குடுக்கறேங்கறான். வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கட்டிடவா?"

"எதுக்கு நிலத்தை வைக்கணும்? அப்பீல் போட்டாச்சு. முன்தொகையைக் கட்டிட்டா திங்கக்கிழமை கணக்கு திறந்துடும்," என்றேன்.

அப்பீல் போட்டிருக்கவில்லை. அதற்குக் கட்ட வேண்டிய முன்தொகையை மட்டும் எப்படியோ புரட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். டிராயரில் வைத்துப் பூட்டினேன். அதில் ஒரு ரூபாய் தொடவில்லை சார். பணத்தில் கை வைக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

திங்கட்கிழமை சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். பிறகு அதிகாரி லீவு என்றேன். ஒவ்வொரு தடவையும் மச்சானிடம் வாங்கட்டுமா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் வேண்டாம், நாளைக்கு ஆகிவிடும் என்றேன். அவர் நம்பினார். என்னைத்தானே நம்ப முடியும்? எனக்கு அது பிடித்திருந்தது. மெதுவாகப் பேசினார், நான் போனை எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

பிரபாவை எனக்குத் தெரியும். தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்து கொடுப்பாள். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. ஆபரேஷன் நாள் தள்ளிக்கொண்டே போனது. ஒரு விடியற்காலையில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள்.

காரியத்துக்குப் போனேன். சுகுமார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இன்னா பண்ணுவீங்க மேடம். உங்களால ஆனதெல்லாம் பண்ணீங்க. அவளுக்குக் குடுத்து வெக்கல," என்றார்.

எல்லோர் முன்னாலும்தான் சொன்னார். அன்றைக்குப் பந்தியில் இருந்தவர்கள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது.

அப்பீல் ரசீதில் இருக்கும் தேதி சாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று தமிழ்வாணன் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். தேதி சரிதான். காரியத்திலிருந்து நேராக ஆபீசுக்கு வந்து, டிராயரில் இருந்த பணத்தைக் கட்டி, அப்பீலை ஏற்றினேன். ஆள் விட்டுச் சொல்லிய டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அந்த வாரமே கணக்கும் திறந்தது. அவ்வளவு மரியாதையாகப் பேசிய மனிதரிடம் அதற்கு நான் பீஸ் வாங்கவில்லை சார்.