பாஃபோஸில் எடுத்த மூக்குப் பேணி

போன ஜூன், இங்கே மெல்பேர்னில். மாலை ஐந்தே முக்கால். இங்கே ஜூன் குளிர்காலம், அதனால் அதற்குள் கும்மிருட்டு. த பேசின் என்ற ஊரிலிருந்து இறங்கும் மலை ரோட்டில் ஒரேயொரு கார்...

ஓட்டியவன் ஜெனிஸ்ரன். என்னோடு வேலை செய்யும் பேர்னாட்டின் தம்பி. பார்சல் கொடுக்கும் வேலை. கடைசிப் பார்சலைக் கொடுத்துவிட்டுக் கிரெய்கிபர்னில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தான்.

சுகிர்தன், வாசலில் நின்று கதை கேட்காமல் அந்தக் கதவைச் சாத்திப்போட்டு வந்து இரும்.

காருக்குள் திடீரென்று கடல் மணம். உப்பு, அழுகிய பாசி... கூடவே புளித்த பால். கடல் அங்கிருந்து எவ்வளவோ தூரம். கண்ணாடிகள் எல்லாம் ஏற்றித்தான் இருந்தன.

பிறகு பின் இருக்கையில் சத்தம். ச்சப்... ச்சப்... பால் தீர்ந்த பிறகும் பிள்ளை விடாமல் உறிஞ்சுகிற சத்தம்.

அவனுடைய மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். அவள் வீட்டில், தாயோடு இருந்தாள்.

காரை ஓரம் கட்டிப் பின்கதவைத் திறந்தான். பிள்ளையின் கார் சீற் வெறுமை. வார் மட்டும் பூட்டியிருந்தது. துணியில் கை வைத்தான்... சூடு.

வந்தது யாரென்று அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு அந்தக் குளிரில் நின்றான்.

இங்கே வருவதற்கு முன் ஐந்து வருடம் சைப்பிரஸில், பாஃபோஸ் என்ற ஊரில், ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவன் அவன். இன்று அது உல்லாசப் பயணிகள் வரும் சின்னத் துறைமுகம். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் அந்தத் தீவு முழுவதற்கும் தலைநகர். எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களுக்குக் கப்பல் கட்ட மரம் அந்தத் தீவிலிருந்து போனது. அவர்களுக்குப் பின் ரோமர்கள் அங்கிருந்துதான் தீவை ஆண்டார்கள். கடைசியில் நிலநடுக்கம் நகரை உடைத்துப்போட, தலைநகர் வேறு ஊருக்குப் போனது. இறந்தவர்கள் மட்டும் அங்கேயே இருந்தார்கள். பெரிய மனிதர்கள் கடலோரப் பாறையில் குடைந்த அறைகளில். கைக்குழந்தைகள் சாடிக்குள்.

ஜெனிஸ்ரன் அங்கே இருந்தபோது, ஒரு மழைக்குப் பிறகு அந்தக் கல்லறைப் பக்கம் மண் சரிந்திருந்தது. உடைந்த சாடி ஒன்று. உள்ளே தீக்குச்சி போல எலும்புகள்... பக்கத்தில் மூக்குப் பேணி மாதிரி, குழாய் போல மூக்கு வைத்த ஒரு சின்ன மண் கிண்ணம். பிள்ளைக்குப் பால் பருக்கியது. ஜெனிஸ்ரன் அதை எடுத்து ஜாக்கெற்றுக்குள் வைத்தான். எலும்புகளின் மேல் காலால் மண்ணைத் தள்ளிவிட்டான்.

மெல்பேர்னில் அது அவன் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. சந்தையில் வாங்கியது என்று மனைவி நிஷானியிடம் சொல்லியிருந்தான்.

அன்று வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னான்.

"செத்த பிள்ளையின்ர குழியிலயோ எடுத்தனீங்கள்?"

"ஓம்."

நிஷானி மடியில் இருந்த மகளைத் தூக்கி, அவனுக்கு எட்டாத பக்கத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

பாஃபோஸுக்குப் போனான். அங்கே பழம்பொருள்கள் வைக்கும் நூதனசாலையில் ஒரு பெண், இது எங்கே கிடைத்தது என்று கேட்டாள். கடற்கரையில் கிடந்தது என்றான். அவள் நன்றி சொல்லிக் கை கொடுத்தாள். அப்படியே எழுதியும் வைத்தாள்.

பேர்னாட் போன கிழமைதான் இதை எனக்குச் சொன்னான். "அங்க போயும் பொய் சொன்னதை அவன் இன்னும் நிஷானிக்குச் சொல்லேல்லை. வெக்கமாக் கிடக்குதாம்."

மகளுக்கு இப்போது ஒன்றேகால் வயது. போத்தலைத் தானே பிடித்துக் குடிக்கிறாள். பாதியில் நிறுத்தி, தொட்டில் கம்பிகளுக்கு வெளியே அதை நீட்டுகிறாளாம். அங்கே ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறாள்...

கையை உள்ளே எடுக்கும்போது போத்தல் வெறுமை.