பஞ்சமியில் விழுந்த விமானம்

காபி வேண்டாம் மேடம். சாயங்காலம் குடிச்சா எனக்குத் தூக்கம் போயிடும். தண்ணி போதும்.

போர்டுல இன்ஸ்பெக்டர் தபஸ்ஸும்னு போட்டிருக்கு. நீங்கதானே? கேட்டு வெச்சுக்கறது நல்லது. எனக்கு எதுவும் சரியா இருக்கணும், அரைகுறையா இருந்தா பிடிக்காது. இங்க வந்ததே ஒரு திதியைத் திருத்தத்தான்.

என் பேர் சுப்பராமன். மேற்கு மாம்பலத்துல ஸ்டேஷன் பக்கம், ரெண்டாவது மாடியில தனியா இருக்கேன். பழைய போட்டோவைப் பார்த்து, அதுல நிக்கிறது எந்தப் போர் விமானம்னு சொல்றது என் பொழுதுபோக்கு. அதுலயும் ரெண்டாம் உலக யுத்தத்துல, குண்டு போடக் கத்துக்கற பசங்களை ஏத்திக்கிட்டுப் போன பயிற்சி விமானம்னா எனக்கு உசிர். லண்டன்லேருந்துகூட படம் அனுப்பிக் கேட்பாங்க. நான் சொன்னதை இதுவரைக்கும் ஒருத்தரும் மறுத்ததில்லை.

மயிலாப்பூர் அபயாம்பாள் மாமி என்னைத் தேடி வந்ததும் ஒரு போட்டோவோடதான். போன ஆவணியில என் வீட்டுல மூச்சு முட்டி இறந்துபோனாங்களே, அந்த மாமிதான். எண்பது தாண்டியாச்சு, இழுப்பு வேற. டாக்டர் இயற்கை மரணம்னு எழுதினார். யாரும் எதுவும் கேட்கலை.

மாமி வயித்துல இருந்தப்பவே அவங்க அப்பா யுத்தத்துக்குப் போயிட்டார். வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளி. ஒரு பங்குனி வளர்பிறையில அந்தப் பள்ளியிலேருந்து கிளம்பின ரெண்டு விமானம் கடல்ல விழுந்துடுச்சு. பஞ்சமி அன்னிக்கு ஆன்சன்னு ஒரு ரகம். நவமி அன்னிக்கு ஆக்ஸ்ஃபோர்டுன்னு இன்னொரு ரகம். மாமியோட அப்பா எதுல இருந்தார்னு வீட்டுக்கு யாரும் சொல்லலை. அவர் கடைசியா அனுப்பின படம் ஒண்ணுதான் மிச்சம். விமானத்துக்குப் பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கிறார். இதுலதான் தினமும் பறக்கறேன்னு பின்னால எழுதியிருக்கார்.

உங்களுக்குப் பழக்கம் இருக்காது, சொல்றேன். எங்கள்ல, போனவங்களுக்கு அவங்க போன திதியிலதான் வருஷா வருஷம் திவசம். அன்னிக்கு வைக்கிற எள்ளும் பிண்டமும்தான் அவங்க பசியை ஆத்தும். நாள் தெரியலைன்னா அமாவாசையில பண்ணலாம்னு திவசம் பண்ணி வைக்கிற வாத்தியார் எவ்வளவோ சொல்லியிருக்கார். மாமிக்கு மனசு ஆறலை. அப்பா முகத்தையே பார்க்காத பொண்ணு, அவருக்குச் சாதமாவது சரியான நாள்ல போகணும்னு தவிச்சாங்க.

ஆன்சனுக்குப் பக்கவாட்டுல பஸ் மாதிரி வரிசையா ஜன்னல் இருக்கும். அந்தப் படத்துல இருந்தது. ஆன்சன், அப்ப பஞ்சமின்னு சொல்லிட்டேன். மாமி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. என் கையை அப்படி யாரும் பிடிச்சதில்லை மேடம்.

அதுலேருந்து பங்குனி பஞ்சமியில அவங்க பையன் சாய்நாத் தாத்தாவுக்குத் திவசம் பண்ணினான். மறுநாள் மாமி எனக்கு போன் பண்ணுவாங்க. "உன்னாலதான்டா எங்கப்பாவுக்கு வயிறு ரொம்பறது." அந்த ஒரு போனுக்காக வருஷம் பூரா உட்கார்ந்திருப்பேன். சொல்ல வெட்கமாத்தான் இருக்கு.

அது ஜன்னல் இல்லைன்னு ரெண்டாவது வருஷமே எனக்குத் தெரியும். படத்துல பூஞ்சை பிடிச்சு வரிசையா வெளுத்திருந்தது, அவ்வளவுதான். லென்ஸ் வெச்சுப் பார்த்தா இன்ஜின் மூடி வழவழன்னு இருக்கு. ஆன்சனுக்கு அது மேடு மேடா இருக்கும். அது ஆக்ஸ்ஃபோர்டு, அப்ப நவமின்னு சொல்லியிருக்கலாம். ஆனா பஞ்சமி நெருங்கிடுச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, வாத்தியாருக்கும் சொல்லியாச்சு. நடக்கிற காரியத்தை ஏன் கெடுக்கணும்னு விட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் விட்டேன்.

போன ஆவணியில சாய்நாத் பொண்ணு ஸ்நேஹா அந்தப் படத்தை கம்ப்யூட்டர்ல போட்டுச் சுத்தம் பண்ணி, பெரிசா பிரிண்ட் எடுத்துப் பாட்டிக்குக் கொடுத்தா. விமானத்தைப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மாமிக்குத் தெரியும். நான்தான் ஜன்னலைக் காட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தேனே. சாப்பிட்ட கையோட, வீட்டுல யார்கிட்டயும் சொல்லாம ஆட்டோ பிடிச்சு வந்துட்டாங்க. லிஃப்ட் ரிப்பேர். படியேறி வந்தவங்களுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது.

"ஜன்னலைக் காணுமேடா சுப்பராமா. இத்தனை வருஷமா எங்கப்பா பட்டினியா கிடக்கார்?"

"ஆன்சன்தான் மாமி. பதறாதீங்கோ."

"நான் கண்ணை மூடறதுக்குள்ள ஒரு தரமாவது அவருக்குச் சரியாப் போய்ச் சேரணும்டா. நிஜத்தைச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

கோவிச்சுக்க மாட்டேன்னாங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை. திட்டியிருந்தா வாதாடியிருப்பேன். இனிமே அந்த போன் வராதுன்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. எனக்கு வேற யார் போன் பண்றாங்க?

பேசப் பேச இழுப்பு ஜாஸ்தியாச்சு. கையை நீட்டிப் பையைக் கேட்டாங்க. மூச்சுக்கு அடிக்கிற பம்ப் அதுலதான் இருந்தது. பை என் பக்கத்துல பிரம்பு மோடாவுல இருந்தது. எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். "ஆன்சன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ மாமி, கொடுத்துடறேன்"னேன். மிரட்டலை மேடம், குரலைக்கூட உசத்தலை. பேச முடியலைன்னா தலையாட்டினாலே போதும்னேன்.

ஆட்டினாங்க. இல்லைன்னு. படத்துல அந்த ஜன்னல் இருந்த இடத்துல விரலை வெச்சுக்கிட்டு, இல்லை இல்லைன்னு ஆட்டினாங்க. என்ன பிடிவாதம் பாருங்க. நான் கொடுக்கத் தயாராத்தான் இருந்தேன். பையோட ஜிப்பைக்கூடத் திறந்து வெச்சிருந்தேன்.

அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. விரலை நகர்த்திட்டுப் படத்தை எடுத்து இன்னொரு தரம் லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். பார்த்துக்கிட்டே இருந்ததுல நேரம் போனது தெரியலை. ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினப்போ தெருவிளக்கு போட்டாச்சு. இப்பத்தான் மயங்கி விழுந்தாங்கன்னு சொன்னேன். பம்ப்பைப் பைக்குள்ளயே வெச்சு ஜிப்பை மூடிட்டேன்.

அதுலதான் மேடம் தப்பு நடந்துபோச்சு. மாமி போனப்போ தசமி. நான் போன் பண்ணினப்போ தசமி முடிஞ்சு ஏகாதசி பிறந்தாச்சு. நான் சொன்ன நேரத்தை வெச்சு சாய்நாத் ஏகாதசின்னு எடுத்துக்கிட்டான். முதல் வருஷத் திவசம் இதோ வருது. நேத்து அவனே போன் பண்ணிச் சொன்னான். தசமிதான்டான்னு நான் சொன்னா, உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்பானே. படுத்தா தூக்கம் வரலை. சாப்பாடு இறங்கலை. மாமி வருஷா வருஷம் பசியோட கிடக்கறதை நினைச்சா எனக்கு நெஞ்சு வெடிக்குது.

நான்தான் கொன்னேன்னு எழுதிக்கோங்க. கையெழுத்து போடறேன். ஆனா தசமிங்கறதைக் கொட்டை எழுத்துல எழுதுங்க. சாய்நாத்துக்கு இன்னிக்கே சொல்லிடுங்க.

அவன் தாத்தா திதியா? அதை எதுக்கு மாத்தணும்? அது சரியாத்தான் இருக்கு. ஸ்நேஹா சுத்தம் பண்ணிக் கொடுத்த படத்தைக் கையோட கொண்டுவந்திருக்கேன். இந்தாங்க, வெளிச்சத்துல பிடிச்சு நல்லாப் பாருங்க மேடம். பஸ் மாதிரி வரிசையா ஜன்னல் இருக்கு.